கோகிலாம்பாளை நம்பவைத்தல்

1

இந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை. வேலைக்குப் போன இடத்தில் என் காதில் விழுந்தது. மதுரையில் ஓர் உளவியல் துறை, புற்றுநோய் வந்த வீடுகளில் கணவனும் மனைவியும் அதை எப்படித் தாங்கிக்கொள்கிறார்கள் என்று ஆராய்ச்சி செய்கிறது. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து வீடுகளுக்குப் போய்ப் பேட்டி எடுத்து வருவது என் வேலை. நோயாளியைத் தனியாக உட்காரவைத்துக் கேட்க வேண்டும். பார்த்துக்கொள்பவரையும் தனியாக உட்காரவைத்து அதே கேள்விகளைக் கேட்க வேண்டும். போனில் பதிவு செய்து, வீட்டுக்கு வந்து, ஒரு சொல் விடாமல் எழுதித் தர வேண்டும். அவர்கள் இருமினால் 'இருமல்' என்று போட வேண்டும். அழுதால் 'அழுகை'. அதற்குமேல் எதையும் சேர்க்கக்கூடாது.

கதை எழுதுகிற ஒருத்தியிடம் 'அதற்குமேல் எதையும் சேர்க்காதே' என்றால் எத்தனை வீடு வரைக்கும் தாங்கும்? எனக்கு இந்த வீடு வரைக்கும் தாங்கியது.

பெயர்களை மாற்றிவிட்டேன். அவர் வெள்ளத்துரை, அவள் கோகிலாம்பாள். (அவளுக்கு முதலில் துர்காதேவி என்று வைத்தேன். இரண்டு பக்கம் எழுதுவதற்குள் அந்தப் பெயர் இருபது வயதுப் பெண்ணாக நடமாட ஆரம்பித்தது. அடித்துவிட்டேன்.) கடையையும் மாற்றிவிட்டேன். தார்ப்பாயும் கயிறும் விற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நேரில் நான் அவளை 'அம்மா' என்றும் 'நீங்க' என்றும்தான் கூப்பிடுவேன். கதையில் 'அவள்' என்று எழுதுவது எழுத்தாளர்களுக்கு உள்ள திமிர், மன்னித்துக்கொள்ளுங்கள்.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

'திருச்சுழிக்கு மேற்கே சீமைக்கருவேலத்தை வெட்டி அடுக்கி மண் பூசிய கரிமூட்டங்கள் நாள் முழுக்கப் புகைந்துகொண்டிருந்தன. உள்ளே நெருப்பு இருப்பது வெளியில்—' விட்டுவிட்டேன். இப்படி ஆரம்பித்தால் யாரோ சாகப்போகிறார்கள் என்று நீங்கள் இப்போதே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வீர்கள்.

'வெள்ளத்துரை நல்ல மனிதர். அதனால்தான்—' இதையும் விட்டேன். இது தொடக்கம் இல்லை, தீர்ப்பு.

'அந்த வீட்டில் யாருக்கு நோய் என்று மூன்று பேரிடம் கேட்டால்—' இது நல்ல தொடக்கம்தான். சிக்கல் என்னவென்றால், அந்த மூன்றாவது ஆள் நான். எனக்கே இப்போது பதில் தெரியாது.

ஆகையால் நடந்தது நடந்தபடி.

3

முதல் தடவை போனது ஒரு மத்தியானம். கடைக்குப் பின்னாலேயே வீடு. வெளியே வெயிலில் நாய்கூட நடமாடவில்லை. உள்ளே ஒருவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தலையில் முக்காடு போட்ட ஒரு பெண், பக்கத்தில் நின்று அவருக்குக் கேப்பைக் கூழை ஸ்பூனால் ஊட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவளுக்குப் புருவமே இல்லை.

"வா தாயி. அவுகளுக்குத்தான் சீக்கு. மொதல்ல அவுககிட்டக் கேளு. களைச்சுப்போனாகன்னா விட்டுரு, என்னய வந்து கேளு."

எனக்கு மதுரையிலிருந்து சொல்லி அனுப்பிய விவரத்தில் நோயாளியின் பெயர் கோகிலாம்பாள். நிணநீர்ச் சுரப்பியில் வந்த புற்றுநோய், கழுத்தில் நெறி கட்டியதில் தெரியவந்தது, ஆறு ஊசியில் மூன்று முடிந்திருக்கிறது. ஆபீஸில் பெயரைத் தலைகீழாகப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஆபீஸ் என்றால் அப்படித்தானே.

பேட்டிக்குத் தனி இடம் வேண்டும் என்றதும் வெள்ளத்துரை என்னைச் சரக்கு அறைக்குக் கூட்டிப்போனார். கதவைச் சாத்தினார். சாத்தியதும் கம்பளியை உருவிக் கயிற்றுக் கட்டுமேல் எறிந்துவிட்டு நிமிர்ந்து நின்றார். ஒரு நாடகக்காரர் ஒப்பனையைக் கலைத்தது மாதிரி இருந்தது.

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. கல்லுக்குண்டாட்டம் இருக்கேன். சீக்கு அவளுக்குத்தான். அவளுக்குத் தெரியாது."

பிறகு அவர் சொன்னதைச் சுருக்கமாகத் தருகிறேன். கோகிலாம்பாளின் அம்மாவுக்கும் இதே நோய்தான். அந்தக் கிழவியிடம் நோயின் பெயரைச் சொன்ன அன்றைக்கே அவள் கஞ்சி குடிப்பதை நிறுத்திவிட்டாள். தன் உடம்புக்கென்று கோகிலாம்பாளும் ஒருநாளும் ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததில்லை. "எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்பாள். கழுத்தில் நெறி கட்டியதும் பொய்க்கு வேறு காரணம் சொல்லித்தான் மதுரைக்குக் கூட்டிப்போனார். அவளுக்குத் துணையாக அவரும் ரத்தம் கொடுத்துச் சோதித்துக்கொண்டார். முடிவு வந்த அன்று டாக்டர் அவரை மட்டும் உள்ளே கூப்பிட்டுச் சொன்னார்.

"திரும்பி வரும்போது பஸ்ஸு காரியாபட்டியில நின்னுச்சு. 'என்ன சொன்னாக?'ன்னு கேட்டா. நான் அவ மூஞ்சியப் பாத்தேன். வாய் தானாச் சொல்லிருச்சும்மா. 'சீக்கு எனக்குத்தானாம். உனக்கு வெறும் ரத்தக்கொறவுதானாம்'னு."

"நம்பிட்டாகளா?"

"அழுதா. அப்புறம், 'உங்களப் பாத்துக்கிறணும்னா எனக்குத் தெம்பு வேணும்ல'ன்னா. அதப் புடிச்சுக்கிட்டேன். 'ஆமா, அதுக்குத்தான் உனக்கும் ஊசி போடணும்னு சொல்றாக'ன்னேன். ஒரு சொல்லு எதுத்துப் பேசல. தனக்குன்னா வரமாட்டா. எனக்குன்னதும் வந்து கைய நீட்டிட்டா." பெருமையாகச் சிரித்தார். "டாக்டரு கேக்கும்போதெல்லாம் 'அவகிட்டச் சொல்லியாச்சு சார்'னு சொல்லிருவேன். எனக்கு ஆஸ்பத்திரியில சத்து மாத்திரை, அதத்தான் சீக்கு மருந்துன்னு அவகிட்டக் காட்டுறேன். இந்தக் கூழக் குடிச்சு நடிக்கிறதுலயே உடம்பு எளைச்சுப்போச்சு."

"முடி கொட்டுனதப் பத்திக் கேக்கலையா அவுக?"

அவர் சிரிப்பு நின்றது. "கேக்கலம்மா. புருவம் உதுந்தப்பகூடக் கேக்கல. அதான் எனக்கும் புரியல."

4

அடுத்து கோகிலாம்பாள் வந்து உட்கார்ந்தாள். கதவு சாத்தியிருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தாள். குரலை இறக்கினாள்.

"அவுகளுக்கு இப்ப ஒண்ணும் இல்ல தாயி. சீக்கு எனக்கு வந்துருச்சு. அவுகளுக்குத் தெரியாது."

இவள் எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட்டாள், தெரியாதது மாதிரி நடிக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். எங்கள் ஆய்வில் அப்படிப்பட்ட வீடுகள் நிறைய. ஆனால் அவள் சொன்னது அது இல்லை.

கண்ணேறு கழிக்க எங்கள் பக்கத்தில் உப்பையும் மிளகாயையும் கையில் மூடிக்கொண்டு ஆளின் தலையைச் சுற்றுவோம். சுற்றி முடித்ததும் அதை அடுப்பில் போட வேண்டும். வெடித்து, பொசுங்கி, ஆளிடம் இருந்த கெடுதலும் அதோடு போய்விடும் என்று கணக்கு. எல்லா வீட்டிலும் நடப்பதுதான், எங்கள் வீட்டிலும்.

"மதுரையிலருந்து வந்த மறுநாள் மத்தியானம் அவுக அசந்து தூங்குனாக. நான் உப்ப எடுத்து மூணு சுத்துச் சுத்துனேன். மாரியாத்தாள நெனச்சுக்கிட்டேன். 'இவுக சீக்கு எனக்கு வரட்டும்'னு சொன்னேன். சொல்லிட்டு அடுப்புல போடல தாயி."

"அப்புறம்?"

"தின்னுட்டேன்."

அவள் அதை, ஊசிப்போன சோற்றை வீணாக்காமல் தின்றுவிட்டதைச் சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள்.

"அதுக்கு முன்னால எனக்கு வெறும் ரத்தக்கொறவு. டாக்டரே அப்பிடித்தான சொல்லிருக்காரு, அவுகதான் சொன்னாக. உப்பத் தின்ன பெறகு முடி யாருக்குக் கொட்டுச்சு? எனக்கு. வாயெல்லாம் யாருக்குப் புண்ணாச்சு? எனக்கு. அவுக தலையில ஒரு முடி உதுரல, பாத்தீல்ல? ஆத்தா குடுத்துட்டா." அவள் முகம் மலர்ந்திருந்தது. "அவுககிட்டச் சொல்லிராத. தாங்கமாட்டாக. நான் கூழ் ஊட்டுறதும் கம்பளி போத்துறதும் எதுக்கு? தனக்குத்தான் சீக்குன்னு அவுக நெனச்சுக்கிட்டே இருக்கணும்."

5

அடிக்குறிப்பாக வர வேண்டியதை நடுவில் போடுகிறேன். ஒருவரையொருவர் நோகவிடாமல் காப்பதற்காக ஒளித்துவைப்பதை எங்கள் ஆய்வில் 'காப்பு மறைப்பு' என்போம். இப்படி மறைக்கிறவர்களுக்கு மனச்சோர்வு கூடுதலாக வருகிறது என்பது சுகப்பிரியா மேடத்தின் எண்ணம். அவர்தான் ஆய்வுக்குத் தலைவர். அவருடைய அட்டவணையில் கணவன் மறைப்பதற்கு ஒரு கட்டம் உண்டு, மனைவி மறைப்பதற்கு ஒரு கட்டம் உண்டு. கணவன் சொன்ன பொய்யை உண்மை என்று நம்பி, அதைத் தன் உடம்புக்குள் வாங்கிக்கொண்டுவிட்டதாக மனைவி மறைப்பதற்குக் கட்டம் இல்லை.

பதிவுகளை வீட்டில் போட்டுக் கேட்டேன். 'துணையிடம் எதையாவது மறைக்கிறீர்களா?' என்று ஒரு கேள்வி. வெள்ளத்துரை லேசாகச் சிரித்து, "ஒண்ணே ஒண்ணுதான்" என்கிறார். கோகிலாம்பாள் லேசாகச் சிரித்து, "ஒண்ணே ஒண்ணுதான்" என்கிறாள். ஒன்றை அடுத்து ஒன்றாக ஓடவிட்டேன். ஒரே சிரிப்பை இரண்டு தொண்டையில் கேட்பது மாதிரி இருந்தது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வாசலுக்குப் போய் நின்றேன்.

மறுநாள் காலையில் கதையை எழுத ஆரம்பித்தேன். நான்கு பக்கம் ஓடியது, பிறகு நின்றது. இருவரும் மறைக்கிறார்கள், சரி, அடுத்து என்ன? ஒரு திருப்பம் வேண்டும். எழுதிக்கொண்டிருக்கும்போது கை தானாக ஒரு வரியைப் போட்டது:

'வெள்ளத்துரையின் இடது காதுக்குக் கீழே, கழுத்தில், புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி இருந்தது.'

நல்ல வரி என்று எனக்கே என்மேல் பெருமை. டீ போடப் போனேன்.

6

அடுத்த ஊசி முடிந்து கொஞ்ச நாள் கழித்து இரண்டாவது பேட்டி. இந்தத் தடவை கோகிலாம்பாள் முந்திக்கொண்டாள். என் கையைப் பிடித்துச் சரக்கு அறைக்கு இழுத்துப்போனாள்.

"இங்க தொட்டுப் பாரு தாயி."

தன் கழுத்தில் இடது காதுக்குக் கீழே என் விரலை வைத்தாள். ஒன்றும் இல்லை. தோல் வழவழவென்று இருந்தது.

"முன்னால ரத்தக்கொறவுல இங்கன நெறி கட்டியிருந்துச்சு. உப்பத் தின்ன பெறகு சீக்கு அதுலதான் வந்து உக்காந்துச்சு. கரைஞ்சுபோச்சு. இப்ப வா."

வெளியே வந்தோம். வெள்ளத்துரை கம்பளியோடு நாற்காலியில் கண்மூடிச் சாய்ந்திருந்தார். நடிக்கிறாரா, நிஜமாகவே அசந்துவிட்டாரா தெரியவில்லை. அவள் கம்பளியின் ஓரத்தை விலக்கினாள். இடது காதுக்குக் கீழே, கழுத்தில்.

புளியங்கொட்டை அளவு என்று நான் எழுதியிருந்தது சரியாகத்தான் இருந்தது.

உள்ளே திரும்பியதும் கோகிலாம்பாள் சொன்னாள்: "எனக்கு இங்க கரையக் கரைய, அவுகளுக்கு அங்க வருது. இந்த ஊசி, சீக்க எங்கிட்டருந்து வெரட்டுது. வெரட்டுனா அது எங்க போகும்? வந்த எடத்துக்குத்தான போகும்? இனிமே நான் ஊசிக்கு வரமாட்டேன் தாயி. ரெண்டு பாக்கி இருக்கு. அதுவும் எறங்குனா அவுக போயிருவாக. இது எனக்குள்ளயே இருக்கட்டும். இங்க இருக்குறவரைக்கும் அங்க போகாது."

இதோ, இந்தக் கதையில் பணயம் என்ன என்று இப்போது உங்களுக்குத் தெரியும். நோய் பாதி கரைந்த ஒருத்தி, கணவனைக் காப்பாற்றுவதாக நினைத்து மருந்தை நிறுத்தப்போகிறாள். நிறுத்தினால் நோய் திரும்ப வரும், வந்தால் முன்னைப்போல் எளிதில் அடங்காது. அவளை ஆஸ்பத்திரிக்கு வரவழைத்த அதே பொய்தான் இப்போது அவளை வரவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் அந்த வரியை அழித்தேன். கட்டி என்ற சொல்லையே கதையிலிருந்து எடுத்தேன். (அறிவுள்ள விளக்கம் ஒன்று உண்டு. முதல் தடவை அவர் கம்பளியை உருவியபோதே அந்தக் கட்டி சின்னதாக இருந்திருக்கலாம். என் கண் பார்த்திருக்கும், எனக்குத் தெரிந்திருக்காது. பிறகு கை அதை எழுதியிருக்கும். இந்த விளக்கத்தைப் பகலில் நான் முழுசாக நம்புகிறேன்.) அடுத்த தடவை போனபோது கட்டி அங்கேயேதான் இருந்தது. கொஞ்சம் பெரிதாகியிருந்தது.

7

சுகப்பிரியா மேடத்துக்குப் போன் செய்தேன். ஒருவர் சொன்னதை மற்றவரிடம் சொல்லக்கூடாது என்று வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் பேட்டியே எடுக்கிறோம்.

"உயிருக்கு ஆபத்துன்னா அந்த வாக்கு கிடையாது, தங்கச்செல்வி," என்றார். என் பெயர் அதுதான், அதை மாற்றவில்லை. "அந்தம்மா மருந்த நிறுத்தப்போறாங்கன்னா இன்னைக்கே அவங்க வீட்டுக்காரர்கிட்டச் சொல்லிருங்க. அவரே உண்மைய ஒத்துக்கிட்டா எல்லாம் முடிஞ்சுபோகும்."

நானும் அப்படித்தான் நம்பினேன். உண்மையைச் சொன்னால் முடிந்துபோகும் என்று படித்தவர்களுக்கு ஒரு நம்பிக்கை. கதை எழுதுகிறவர்களுக்கும் அது உண்டு, கடைசிப் பக்கத்தில் யாராவது உண்மையைச் சொல்லிவிட்டால் போதும் என்று நினைப்போம்.

அன்றைக்கே போய் வெள்ளத்துரையிடம் சொன்னேன். உப்பைப் பற்றிச் சொன்னபோது, "தின்னுட்டாளா?" என்று மட்டும் ஒரு தடவை கேட்டார்.

"கழுத்துல இருக்குறத டாக்டர்கிட்டக் காட்டுனீங்களா?" என்றேன்.

"கொழுப்புக்கட்டிதாம்மா." காட்டவில்லை என்று அதற்கு அர்த்தம். "பொய்க்குச் சொன்னேன், எனக்குச் சீக்குன்னு. ஒரு தடவதான் சொன்னேன். அதுக்கே—" அவர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. நானும் முடிக்கவில்லை.

8

அவள் கடை வாசலில் கயிறு அளந்துகொண்டிருந்தாள். வெள்ளத்துரை கம்பளி இல்லாமல், நேராக நடந்துபோய் அவள் முன்னால் நின்றார். நான் பின்னால் நின்றேன்.

"கோகிலா, நாஞ் சொல்றதக் கேளு. எனக்குச் சீக்கே வரல. எப்பவுமே வரல. மொத நாள்லருந்து உனக்குத்தான். நீ பயந்துருவன்னு பஸ்ஸுல பொய் சொல்லிட்டேன். உப்பெல்லாம் ஒண்ணும் செய்யல. நீ மிச்ச ஊசியப் போட்டுக்கிட்டாப் போதும், பொழைச்சுக்கிருவ."

அவள் கயிற்றைக் கீழே வைத்தாள். அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "தெரியும்" என்றாள்.

எனக்கு உயிர் வந்தது.

"நீங்க இப்பிடிச் சொல்லுவீகன்னு தெரியும்," என்றாள். "நான் ஊசி வேணாம்னு சொன்னத இந்தப் புள்ள உங்க காதுல போட்டுருச்சு. அதான், எனக்கு எப்பவும் ஒண்ணும் இல்ல, எல்லாம் உனக்குத்தான்னு வந்து நிக்கிறீக. நான் ஊசி போட்டுக்கிறணும், நீங்க சாகணும். அதான?"

"ஆத்தா சத்தியமா நெசம்டி."

"எனக்காக நீங்க பொய்ச் சத்தியம் பண்ண மாட்டீகளா? பண்ணுவீக. பொய் சொல்லும்போது கழுத்தத் தடவுறீக பாருங்க."

அவர் கை கட்டியின் மேல் இருந்தது. சட்டென்று எடுத்தார்.

"அது என்னதாம்?" என்றாள்.

"கொழுப்பு. நாளைக்கே மதுரைக்குப் போயிக் காட்டிட்டு வாரேன். சோதிச்சுப் பாத்துட்டா—"

"பாத்துட்டு வந்து என்ன சொல்லுவீக? ஒண்ணும் இல்லேன்னு சொல்லுவீக. இருந்தாலும் அதத்தான சொல்லுவீக?"

வெள்ளத்துரை அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். கடைக்கு வந்த ஒருவர் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனார். கோகிலாம்பாள் உள்ளே போய்க் கம்பளியை எடுத்துவந்து அவருக்குப் போர்த்திவிட்டாள். அந்த வெயிலில்.

நான் குறுக்கே பேசினேன். "அம்மா, மொத நாளே அவரு எங்கிட்ட இதச் சொல்லிட்டாரு. பதிவு இருக்கு. போட்டுக் காட்டவா?"

"உங்கிட்டயும் சொல்லி வச்சிருக்காக. உனக்கும் எம்மேல பிரியமாயிருச்சு தாயி, நான் சாகக்கூடாதுன்னு பாக்குற."

"டாக்டர் சொன்னா நம்புவீங்களா?"

"அவுக வேலையே என்னயப் பொழைக்க வைக்கிறதுதான? அவுக எப்பிடி நெசத்தச் சொல்லுவாக?"

"அப்ப யாரு சொன்னாத்தான் நம்புவீங்க?" எனக்குக் கோபம் வந்துவிட்டது. கத்திவிட்டேன்.

அவள் யோசித்தாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே யோசித்தாள். "எம்மேல பிரியம் இல்லாதவுக. நான் இருந்தா என்ன, செத்தா என்னன்னு இருக்குறவுக. அப்பிடி ஒரு ஆளு வந்து சொல்லட்டும். கேட்டுக்கிறேன்."

9

தேடினோம். நானும் வெள்ளத்துரையும் சேர்ந்து, அந்தம்மாமேல் பிரியம் இல்லாத ஓர் ஆளைத் தேடினோம். நரிக்குடியில் அவருடைய தங்கை ராஜேஸ்வரி இருக்கிறாள். ஒரு கல்யாணத்தில் நடந்த சண்டைக்குப் பிறகு நாத்தனாருக்கும் அண்ணிக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அவளுக்குப் போன் போட்டோம். விஷயத்தைக் கேட்டதும் ராஜேஸ்வரி ஓவென்று அழுதுவிட்டாள். மறு பஸ்ஸிலேயே கிளம்பி வருவதாகச் சொன்னாள். வேண்டாம் என்று வைத்துவிட்டோம்.

எதிர்த்த கடைக்காரரைக் கேட்டோம். அவர் வீட்டில் கோகிலாம்பாளுக்காக நேர்த்திக்கடன் போட்டிருக்கிறார்களாம். இப்படி ஒவ்வொருவராகக் கழிந்துபோனார்கள்.

இனி முடிவுகள். மூன்று எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ: வெள்ளத்துரையின் கட்டியை ஊசி வைத்துச் சோதித்தார்கள். வெறும் கொழுப்பு. அவர் ஓடிவந்து சொன்னார். கோகிலாம்பாள் அவர் கன்னத்தைத் தடவி, "சரி, சரி" என்றாள். ஊசிக்குப் போகவில்லை.

முடிவு ஆ: பரிசோதனையின் முடிவில்—

இதை எழுதமாட்டேன். ஒரு வரி எழுதி டீ போடப் போனவள் நான். அவர் பொய்யில் ஒரு தடவை அந்த நோய் அவருக்கு வந்தது. அவள் கணக்கில் ஒரு தடவை வந்தது. என் கதையில் ஒரு தடவை வந்தது. நான்காவது தடவை யாரும் அதைச் சொல்ல வேண்டாம். இதைப் படிக்கிற நீங்களும் அந்த வாக்கியத்தை மனசுக்குள் முடித்துப் பார்க்க வேண்டாம். முடித்திருந்தால் தயவுசெய்து வேறு ஏதாவது நினைத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

முடிவு இ: அவள் நம்பவில்லை. ஆனாலும் தரையில் உட்கார்ந்து அழும் கணவனைப் பார்க்கப் பொறுக்காமல், புடவையை மாற்றிக்கொண்டு பஸ் ஏறினாள். எனக்குப் பிடித்த முடிவு இதுதான். இரண்டு நாள் இதை நிஜம் மாதிரி வைத்துக்கொண்டு சுற்றினேன். நான் ஆசைப்படுகிறபடி நடக்கிறவளாக அவள் இருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை.

நடந்தது இவ்வளவுதான்: வருகிற வியாழக்கிழமை அவளுக்கு ஊசி. அன்றைக்கே அவருக்குக் கழுத்தில் சோதனை. அவள் போவதாக இல்லை.

10

நான் ஏன் இதை எழுதினேன் என்று இப்போது புரிந்திருக்கும். பத்திரிகையில் போடுவதற்கு இல்லை. எங்கள் ஊரில் கிடைக்காத ஓர் ஆளைத் தேடுவதற்காக எழுதினேன். கோகிலாம்பாளை நேரில் பார்த்திராத, அவள் கையால் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடித்திராத, அவள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அடுத்த வேளைச் சாப்பாட்டில் ஒரு பருக்கை குறையாத ஆள். அது நீங்கள்தான்.

ஆகையால் உங்களுக்கு அவள்மேல் பிரியம் வராதபடி எழுதப் பார்த்தேன். அவள் கயிறு அளக்கும்போது ஏதோ முணுமுணுத்துப் பாடுவாள், அதைச் சேர்க்கவில்லை. நான் கிளம்பும்போதெல்லாம் எதையாவது பொட்டலம் கட்டிக் கையில் திணிப்பாள், அதையும் சேர்க்கவில்லை. (இப்போது சேர்த்துவிட்டேன். கை நிற்கமாட்டேன் என்கிறது.) எழுதியதைத் திரும்பப் படித்தபோது எங்கெங்கோ ஓட்டை விழுந்து அவள் கசிந்திருப்பது தெரிந்தது. அந்த உப்பை நான் எழுதியிருக்கவே கூடாது.

வியாழக்கிழமைக்கு முன்னால் வாருங்கள். அருப்புக்கோட்டையில் இறங்கித் திருச்சுழி பஸ் பிடியுங்கள். நான் அழைத்துப்போகிறேன். நீங்கள் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்: அவருக்கு எப்போதும் நோய் இருந்ததில்லை, உங்களுக்குத்தான். வேறு எதுவும் பேச வேண்டாம். அவள் உங்கள் சொல்லைக் கேட்கமாட்டாள், உங்கள் முகத்தைத்தான் பார்ப்பாள். ஆகவே கிளம்புவதற்கு முன்னால் ஒரு தடவை கண்ணாடியில் பாருங்கள். அவள் பிழைக்க வேண்டும் என்ற நினைப்பு அந்த முகத்தில் துளி தெரிந்தாலும், தயவுசெய்து நீங்கள் வர வேண்டாம்.